சுண்ணாம்புப் பொட்டு வைத்த கட்டை

நேற்று சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். என் முழங்கால் அதை ஒப்புக்கொள்ளாது. மாடியில் குடியிருப்பவர்கள் வாசலில் கால் துடைக்கக் கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அது நனைந்து, அந்த வாசனை படி வரைக்கும் வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவர்கள் மகள், ஏழு வயசுப் பெண், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு அவளுக்கு மட்டும். எனக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் அமுங்கும் டொக் டொக் சத்தம்தான். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "பிராக்டிஸ் முடிச்சியா?" என்று கேட்டாள். அது பெண்ணின் காதில் விழவில்லை.

நனைந்த சாக்கு வாசனையும் வெள்ளைக் கட்டைகளும் ஒரே நேரத்தில் வந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். துணியை மறந்து நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். அப்பாவுக்குக் காவிரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால். எனக்கு ஆறு வயது நடக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா முன்னேயே அதிகம் பேசமாட்டார்; அம்மா போனபின் அதுவும் நின்றுபோனது. நானும் பேசுவதை விட்டுவிட்டேனாம். அடுத்த தெரு அத்தை வந்து சோறாக்கி வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொள்வோம்.

அந்த வருஷம் வேலூரில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி ஒன்று மழையில் கலைந்து, சாமான்களை விற்றுவிட்டுப் போனது. சந்தைக்கு அப்பாவோடு போன நான் அங்கே இருந்த ஆர்மோனியத்தை விட்டு நகரவில்லை. அப்பா அதை வாங்கி, வெற்றிலைக் கட்டோடு வண்டியில் ஏற்றிவிட்டார். அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, பொட்டப்புள்ளைய நாடகக்காரியாக்கோணும்னு ஆசைங்களா?"

"ஊடு சத்தமில்லாமக் கெடக்குது அம்மிணி. அதுக்குத்தான்."

நாமக்கல்லிலிருந்து வாரம் ஒருமுறை பாட்டு வாத்தியார் ஒருவர் பஸ்ஸில் வந்து சொல்லிக்கொடுத்தார். மற்ற நாட்களில் பழகுவதுதான் பிரச்சினை. ஆர்மோனியத்தின் துருத்தி பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒரு கையால் அதை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தால்தான் மற்றக் கை வாசிக்கிற கட்டை சத்தம் போடும். என் கை பெட்டியைத் தாண்டி எட்டவில்லை. அப்பா கொடிக்காலிலிருந்து வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"கை எட்டுதா சாமி?"

"எட்டலீங்கப்பா."

"செரி, நான் அமுக்கறேன். நீ வாசி."

தினமும் இதே கேள்வி, இதே பதில். அவருக்கு ச எது, ப எது என்று தெரியாது. நான் ஆரம்பிக்க வேண்டிய கட்டை மறந்துபோகாமலிருக்க, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து அதில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். வாசிக்க வாசிக்க அழிந்துவிடும். மறுநாள் பார்த்தால் புதுப் பொட்டு இருக்கும். சரளி வரிசையில் நான் தடுக்கினால் அவர் கை நிற்கும். நான் தேடி எடுத்தால் கை மறுபடி நகரும். என் வாழ்க்கையில் நான் தனியாக இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் பெட்டியின் மரம் வெடித்துவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. கொடிக்கால்காரருக்கு வாடாமல் காக்கத் தெரிந்த வழி ஒன்றே. வெற்றிலையைக் கட்டி ஈரச்சாக்குப் போட்டு மூடி வைப்பார் அல்லவா, ஆர்மோனியத்தையும் அப்படியே மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். வெற்றிலையாக இருந்திருந்தால் பச்சைப் பசேலென்று இருந்திருக்கும். பெட்டி ஊதிப்போய், 'ம' கட்டை இறுகிவிட்டது; அழுத்தினால் அமுங்கவில்லை, சத்தமும் இல்லை. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் அசரவில்லை.

"அந்த ஒரு கட்டைக்கு நீ வாயில பாடிக்கோ சாமி."

அப்படியே பழகினேன். விரல் அந்த இடத்துக்கு வந்தால் வாய் தானாக 'ம' என்று பாடிவிடும்.

இரண்டு மூன்று வருஷம் போனது. பள்ளிக்கூடத்து சரசுவதி பூசையில் நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாத்தியார், "மேடையில அவளேதான் துருத்தி போடணும்" என்றார்.

"கை எட்டாதுங்களே" என்றார் அப்பா.

வாத்தியார் என் இடக்கையைப் பிடித்துத் துருத்தியின் மேல் வைத்தார். தாராளமாக எட்டியது. எட்டும் என்று எனக்கு முன்பே தெரியும். தினமும் எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பூசையன்று பள்ளிக்கூடத்து நல்ல ஆர்மோனியத்தில் வாசித்தேன். அதில் எல்லாக் கட்டையும் பேசும். என் விரலோ 'ம'வைத் தாண்டிப் போக, வாய் பாட, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் வலக்கை மட்டும் முன்னும் பின்னுமாக, இல்லாத துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விளக்கேற்றியதும், "கை வலிக்குதுங்கப்பா" என்றேன்.

"பழகிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே களத்துப் பக்கம் போய்விட்டார். அதற்குமேல் அவர் எதிரே உட்காரவில்லை. நன்றாகத்தான் வாசித்தேன். ஆனால் தலைநிமிர்ந்தால் எதிரே சுவர். என் கை நீண்டதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த கேடு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ராசிபுரம் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் வீட்டில் பாட்டுக்கு இடமில்லை. பெட்டி அப்பாவிடமே இருந்தது. ஒரு வருஷம் பதினெட்டாம் பெருக்குக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடிய அந்தக் காலத்துக் கரி பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். வண்டி வழியில் நின்று நின்று, வந்து இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். என் வீட்டுக்காரர் தெரிந்தவர் யாருடனோ பேசிக்கொண்டு நின்றுவிட, நான் மட்டும் முன்னால் நடந்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு ஸ்வரம் கேட்டது. நீளமாக வந்து, நின்று, மறுபடி வந்தது.

அப்பா நான் உட்காரும் பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலை எடுத்துவிட்டார்.

"சும்மா கெடந்தா பெட்டி கெட்டுப் போயிருமாட்ட இருக்குது. அதான்."

விரல் இருந்த கட்டையில் சுண்ணாம்புப் பொட்டு. வைத்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க வாசிங்கப்பா. நான் அமுக்கறேன்."

அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு கட்டைதான். விளக்கில் எண்ணெய் குறையும்வரை அதையே வாசித்தார். அடுத்த பெருக்குக்கு அப்பா இல்லை. பெட்டியைக் கரையான் எடுத்துக்கொண்டது. கொடிக்கால் இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

மாடி வீட்டுப் பெண் வாசித்து முடித்து, காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கை எட்டுதா சாமி?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் கீபோர்டுக்குக் கரண்டு இருந்தால் போதும். எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டியதில்லை.