கடைமடைக்கு வராத கரண்ட்

மீன் விற்பவனுக்குக் குரல் வேண்டும். எனக்கு அது கிடையாது. தெருவில் நின்று கத்த நினைத்தாலே காது சூடாகிவிடும். அதனால் என் மோட்டார் சைக்கிளில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, மனைவியின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன். "வாங்கம்மா வாங்க! கோடியக்கரை மீனு! மத்தி இருக்கு, சங்கரா இருக்கு, அரிஞ்சே தரோம்!" கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள தெருக்களில் என்னைவிட அந்தக் குரலைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

போன குறுவை அறுப்பு சமயத்தில் அது படுத்துவிட்டது. முதலில் கரகரத்தது. பிறகு "சங்" என்று சொல்லி, "கரா" வராமலே நின்றது. ஸ்பீக்கர் ஓடுவது வண்டி பேட்டரியில்தான்; புது பேட்டரி போட்டேன். சில நாள் பேசிவிட்டு மறுபடி ஊமை. கிக்கரை மிதித்தால் வண்டி மட்டும் ஓடியது.

தெருமுனையில் சும்மா நின்றேன். வழக்கமாக மத்தி வாங்கும் அம்மா கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, வீட்டுல சண்டையா? அக்கா பேசவே மாட்டேங்கறாங்க?"

"இல்லீங்க, பேட்டரி."

"ஆமா ஆமா, எங்க வீட்டுக்காரரும் கேட்டா இப்படித்தான் எதையாச்சும் சொல்லுவாரு."

நான் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் சண்டைச் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. பாதி மீன் பெட்டியிலேயே வீடு திரும்பியது. வாசலில் மனைவி நின்றாள்.

"நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேனாமே? மளிகைக் கடையில கேக்குறாங்க. நாளைக்கு என் குரல் தெருவுல கேக்கணும். இல்லேன்னா நீங்களே கத்துங்க."

மறுநாள் காலை மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு நேராக மெக்கானிக் பாய் பட்டறைக்குப் போனேன். மத்தி அதிக நேரம் காத்திருக்காது. பெட்டியை இறக்கி நிழலில் வைத்தோம்.

பாய் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். சார்ஜ் ஏறினால் எண் பதினாலு பக்கம் போக வேண்டுமாம். அது பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

"பேட்டரி சாகல. பட்டினி கெடக்கு" என்றார். பிறகு இன்ஜினிலிருந்து வரும் மஞ்சள் ஒயர்களில் மீட்டரை வைத்தார். எண் குதித்தது. "பாத்தீங்களா, ஆத்துல தண்ணி வருது. கடைமடைக்குத்தான் வரல. நடுவுல எங்கயோ அடைப்பு."

இதை நான் உடனே புரிந்துகொண்டேன். எங்கள் வயலே வாய்க்கால் போய் முடியும் கடைமடையில்தான் இருக்கிறது.

அடைப்பை அவர் ஒவ்வொரு ஒயராகத் தேடும்போது பட்டறைப் பூனை வந்து வண்டியின் இடது பக்க மூடியை நக்கியது. விரட்டினார். மறுபடி வந்து அதே இடத்தை நக்கியது.

"மீன் பெட்டி அங்க இருக்கு. இதுக்கு இங்க என்ன வேலை?" என்ற பாய், சட்டென்று என்னைப் பார்த்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரிக்குக் கரண்ட் போகும் பிளக் பாசி பிடித்தாற்போலப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. மீன் நாற்றம் வேறு.

ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறதென்று, பெட்டியை ஒரு சாண் முன்னால் தள்ளிக் கட்டியிருந்தேன். ஐஸ் தண்ணீர் வடியும் ஓட்டை நேராக அந்த பிளக்குக்கு மேலே வந்துவிட்டது.

"வண்டிக்கு உப்புத்தண்ணி பாய்ச்சிருக்கீங்க" என்று பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். பிளக்கை வெட்டி எறிந்து, ஒயர்களைப் பற்றவைத்து, பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். மீட்டர் பதினாலைத் தொட்டது. இரண்டு மத்தி கேட்டார், பூனைக்கு.

முதல் தெருவிலேயே அந்த அம்மா கேட் அருகில் நின்றிருந்தார். "என்னங்க, சமாதானம் ஆயிட்டீங்களா?"

காது சூடாகியது. சுவிட்சைத் தட்டினேன்.

"வாங்கம்மா வாங்க!" என்றாள் என் மனைவி.

"இந்தா வர்றேன்க்கா" என்று சட்டி எடுக்க அவர் உள்ளே ஓடினார்.