இல்லாத காய்ச்சல்

டொக்டர் மகேந்திரராஜா மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ரயில் நிலையத்துக்கு அருகே தம் மருத்துவ நிலையத்தைத் திறந்த புதிதில், உள்ளே வருகிறவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்ததும் “டொக்டர் எப்போது வருவார்?” என்றுதான் கேட்பார்கள். “நான்தான்” என்பார். சிலர் உட்கார்வார்கள். சிலர் எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்களைப்போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அது எழுபத்துமூன்றாம் ஆண்டின் கடைசி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, மனைவி சத்தியபாமாவோடு மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள். கிரேக்கர், இத்தாலியர், யூகோஸ்லாவியர். இயந்திரத்தில் நசுங்கிய விரலோடும், பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகோடும் வந்தார்கள். ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் அவர்கள் திணறும்போது அவர் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். அதனாலேயே ஒருவர் மூலம் இன்னொருவர் என்று கூட்டம் சேர்ந்தது. யன்னிஸ் என்ற கிரேக்கர் அப்படி வந்தவர்தான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. மனைவி எலெனியையும், கல்லூரியில் படிக்கும் மகன் ஸ்டாவ்ரோஸையும் அவரிடமே கூட்டி வந்தார்.

அந்த நாட்டிலேயே பிறந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி மகேந்திரராஜா யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் மனதுக்குள் அது கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான், டன்ஸ்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்த நாள் அவருக்கு விசேஷமான நாளாகிவிட்டது. டன்ஸ்டன் பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் ஃபுட்டி அணிக்குக் கோச். நீள்வட்டப் பந்தை உதைத்தும், கையால் குத்தியும், ஆளை ஆள் தள்ளி விழுத்தியும் ஆடும் அந்த ஊர் ஆட்டத்தில் எலும்பு முறிவதும் தோள் கழலுவதும் சாதாரணம். இடுப்பு சரியானதும் டன்ஸ்டன் கேட்டார்: “எங்கள் அணிக்கு டொக்டராக வருகிறாயா, ராஜ்? சம்பளம் கிடையாது. பியர் உண்டு.”

மகேந்திரராஜா பியர் குடிப்பதில்லை. ஆனாலும் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் போனார். ஆட்டம் முடிந்து மது அருந்தும் அறைக்குள் நுழைந்தால் “டொக் வந்துவிட்டார்!” என்று ஆரவாரம் எழும்பும். முதுகில் தட்டுவார்கள். அவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளை அவரிடம் வைத்தியத்துக்குக் கொண்டுவரவும் தொடங்கினார்கள்.

“சனிக்கிழமை வந்தால் உங்கடை நடையே மாறிப்போகுது” என்று சத்தியபாமா சிரித்தாள்.

“ஏன், நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனால் அவையளைக் கண்டால் நீங்கள் கனக்கச் சிரிக்கிறியள்.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வசந்தம் தொடங்கினால் ஃபுட்டி ஓய்ந்துவிடும். அடுத்த பருவம் ஏப்ரலில்தான். நடுவில் இருக்கும் மாதங்களில் பேச்சு மட்டும்தான் நடக்கும்: யார் அணி மாறுகிறான், எந்தக் கோச்சுக்கு வேலை போகிறது என்று. எழுபத்தைந்து தைமாதம் அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு பெரிய செய்தி வந்து விழுந்தது. மார்ச் மாதம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கப்போகிறது. புதுப்பெட்டி வாங்கியவர்களுக்குக் காட்டப் பச்சைப் புல்லும் நிறம் நிறமான சட்டைகளும் வேண்டும். பெரிய அணிகளின் ஆட்டம் ஏப்ரல்வரை இல்லை. ஆகவே ஒரு தொலைக்காட்சி நிலையம் கல்லூரி அணிகளின் ஆட்டமொன்றை மார்ச் நடுவில் ஒளிபரப்ப முடிவு செய்திருந்தது. அதற்குத் தேர்வானது டன்ஸ்டனின் அணி.

கல்லூரியே தலைகால் புரியாமல் ஆடியது. டன்ஸ்டன் மட்டும் விரல் விட்டு எண்ணினார். ஆட்டம் ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டது. பெடியன்களோ கோடை விடுமுறையில் கடற்கரையில் கிடந்து தொப்பை போட்டிருந்தார்கள். “பெப்ரவரியில் பிழிந்தெடுத்துவிடுகிறேன்” என்றார்.

ஸ்டாவ்ரோஸும் அந்த அணியில் ஆடினான்; பயிற்சி தொடங்கிய வாரம் எலெனி இரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். கணவனிடம் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்: “ஸ்டாவ்ரோஸ் மிகவும் களைத்து வருகிறான். பயிற்சி நேரம் நீங்கள் அங்கே இருப்பீர்களா, டொக்டர்?”

“இருப்பேன்.”

“அப்படியென்றால் எனக்குப் பயமில்லை.”

அவர் சொன்னபடி இருந்தார். அந்த நாளும் இருந்தார்.

அன்று வடக்கிலிருந்து அனல்காற்று வீசியது. மைதானத்துப் புல் வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. காமிராக்களை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்கத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு முன்னால் தன் பெடியன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்ட டன்ஸ்டனுக்கு ஆசை. மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், ஓடியவர்களை மோதவிட்டார், மறுபடி ஓடவிட்டார். பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது என்பது அவருடைய சட்டம். தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், மனம் இளகும் என்பார். அந்தக் காலத்தில் பல கோச்சுகள் அப்படித்தான் நம்பினார்கள். மகேந்திரராஜா நம்பவில்லை. உடம்பு எப்படி வேர்க்கிறது, வேர்வை நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர் படித்துத் தேறியவை.

தொலைக்காட்சிக்காரர் அவர் பக்கம் திரும்பி, “இந்த வெயிலில் இவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லையா?” என்று கேட்டார்.

“பழகிய உடம்புகள்” என்றார் மகேந்திரராஜா. “ஒன்றும் ஆகாது.” டன்ஸ்டன் சொல்லும் தோரணையிலேயே சொன்னார். அந்த மனிதர் ஒரு வேடிக்கை சொல்ல, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போது ஸ்டாவ்ரோஸ் வரிசையிலிருந்து விலகி எல்லைக்கோட்டருகே வந்து குனிந்து நின்றான். முகம் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. வேர்வையைக் காணவில்லை. “டொக்” என்றான். பின்னால் இருந்த தண்ணீர் வாளியைக் கையால் காட்டினான்.

மகேந்திரராஜா டன்ஸ்டனைப் பார்த்தார். டன்ஸ்டன் அங்கிருந்து கூடாது என்று தலையை ஆட்டினார்.

“இன்னும் ஒரு சுற்றுத்தான், ஸ்டாவ்ரோஸ்” என்றார் டொக்டர்.

அந்தச் சுற்றின் பாதியில் அவன் விழுந்தான். விழுந்தவன் எழும்பப் பார்த்து, திசை தெரியாமல் வேலிப் பக்கம் தவழ்ந்து, கிரேக்க மொழியில் யாரையோ கூப்பிட்டான். மகேந்திரராஜா ஓடிப்போய்த் தொட்டபோது தோல் அடுப்புக்கல்லைப்போலச் சுட்டது. அதற்குப் பிறகு அவர் செய்த எதிலும் குற்றம் சொல்லமுடியாது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார், மது அறையிலிருந்த பனிக்கட்டி முழுவதையும் கொண்டுவரச் செய்தார், அம்புலன்ஸில் கூடவே ஏறிப்போனார். உயிர் தப்பியது. ஆனால் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திவிட்டன.

மருத்துவமனை வாசலில் டன்ஸ்டன் காத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அதுவும் உண்மையான கலக்கம்தான்.

“ராஜ், அவனுக்கு முன்பே ஏதாவது காய்ச்சல் இருந்திருக்கும், இல்லையா? அதை மறைத்துக்கொண்டு வந்திருப்பான். உன்னால் அப்படிச் சொல்ல முடியும்தானே?”

 இரண்டு நாள் கழித்துக் கல்லூரி நிர்வாகக் குழுவினர் கூப்பிட்டு விசாரித்தபோது மகேந்திரராஜா அதையே சொன்னார். “வைரஸ் காய்ச்சல் ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. பெடியன் மறைத்துவிட்டான். இல்லாவிட்டால் இந்தப் பயிற்சி அவனை ஒன்றும் செய்திருக்காது.” குழுத் தலைவர் நிம்மதியோடு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அப்படியே வந்தது. ஒளிபரப்புக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிட்டது.

அன்று மாலை குசினியில் சத்தியபாமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பத்திரிகை மேசையில் கிடந்தது.

“அந்தப் பெடியனுக்குக் காய்ச்சல் இருந்ததோ?”

“இருந்திருக்கலாம்.”

“நீங்கள் பார்த்தனீங்களோ?”

“சத்தியா, எல்லாத்தையும் பார்த்துத்தான் சொல்லவேணுமெண்டில்லை.”

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமிருந்தால் அவர் சமாளித்திருப்பார். தெரியாத ஆள் ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டதைப்போல அவள் பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி வெட்டத் தொடங்கினாள். 

அடுத்த வாரம் யன்னிஸ் மருத்துவ நிலையத்துக்கு வந்தார். வேலைச் சட்டையோடு வந்திருந்தார். தோட்டத்துத் தக்காளிப்பழங்களை ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கதிரையில் உட்காராமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

“டொக்டர், மன்னிப்புக் கேட்க வந்தேன். பையன் காய்ச்சலோடு வந்து உங்களுக்குப் பிரச்சினை ஆக்கிவிட்டான். உங்களை விசாரித்தார்களாம்.”

மகேந்திரராஜா தக்காளிப் பையை மேசை ஓரத்துக்கு நகர்த்திவைத்தார்.

“எலெனி தூங்குவதில்லை” என்றார் யன்னிஸ். “அன்று காலையில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லையாம். தாய், தொட்டுப் பார்த்திருக்கவேண்டும் என்கிறாள். கோயிலில் போய் அழுகிறாள். நீங்கள் ஒரு மாத்திரை எழுதித் தரமுடியுமா? தூங்குவதற்கு.”

டொக்டர் எழுதிக் கொடுத்தார். யன்னிஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். கதவு மூடியதும் மகேந்திரராஜா எழுந்துபோய் முகம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நோயாளி கதவைத் தட்டும் சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்ததுதான் பொய் சொன்னதைவிடக் கேவலமாக அவருக்குப் பட்டது.

மறுநாள் கல்லூரி முதல்வரிடம் போய், காய்ச்சல் எதுவும் இருக்கவில்லை, தாம் சொன்னது பொய் என்றார். முதல்வர் “நிச்சயமாகத்தானா?” என்று மட்டும் கேட்டார். அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. ஸ்டாவ்ரோஸ் வீடு திரும்பிய பிறகு அவர்களுடைய வீட்டுக்குப் போனதுதான் கஷ்டம்.

“நானும் வாறன்” என்றாள் சத்தியபாமா.

“வேண்டாம். நான் போட்டு வாறன்.”

ஸ்டாவ்ரோஸ் சோபாவில் போர்வையோடு சாய்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். எலெனி கோப்பியும் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“ஸ்டாவ்ரோஸுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை” என்றார். “நான் பொய் சொன்னேன். வெயிலும், தண்ணீர் கொடுக்காததும்தான் காரணம். நான் தடுத்திருக்கவேண்டும்.”

சோபாவிலிருந்து ஸ்டாவ்ரோஸ் தாழ்ந்த குரலில் சொன்னான், வேகமான ஆங்கிலத்தில்: “நான் உங்களிடம்தானே கேட்டேன். இன்னும் ஒரு சுற்று என்றீர்கள்.”

“ஓம்” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது அவருக்கு.

யன்னிஸுக்கு மகன் சொன்னது விளங்கவில்லை. “என்ன? என்ன சொல்கிறான்?” என்று டொக்டரையே கேட்டார். ஸ்டாவ்ரோஸ் வாயை மூடிக்கொண்டான். ஆகவே மகேந்திரராஜாவே சொல்லவேண்டி வந்தது. யன்னிஸுக்குப் புரியும் சின்னச்சின்னச் சொற்களாகப் பொறுக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உங்கள் மகன் தண்ணீர் கேட்டான். என்னிடம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. ஓடு என்றேன். நோயாளிகளிடம் எத்தனையோ வருடம் பழகிய அதே பொறுமையான குரல்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்க அவருக்கே கூசியது.

யன்னிஸ் மனைவிக்குக் கிரேக்கத்தில் சொன்னார். எலெனி ஒரு கேள்வி கேட்டாள். யன்னிஸ் அதை டொக்டரைப் பார்க்காமலே திருப்பிச் சொன்னார்: “நெற்றியைத் தொட்டிருந்தாலும் சூடு இருந்திருக்காதா என்று கேட்கிறாள்.”

“இருந்திருக்காது. எலெனிமேல் ஒரு பிழையும் இல்லை.”

எலெனி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யன்னிஸ் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்தார்.  ஏசியிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே மகேந்திரராஜா படியிறங்கினார்.

பிறகு நடக்கவேண்டியவை நடந்தன. டன்ஸ்டனை அந்தப் பருவம் முழுவதற்கும் நிறுத்திவைத்தார்கள். தொலைக்காட்சி நிலையம் ஓசையில்லாமல் வேறொரு கல்லூரியின் ஆட்டத்துக்குப் போய்விட்டது. மருத்துவச் சபை மகேந்திரராஜாவைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தது. தொலைபேசியில் யாரோ “உன் நாட்டுக்குப் போ” என்று கத்திவிட்டு வைத்தார்கள். அது அவருக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. கத்தியவன்மேல் கோபப்பட்டுக்கொண்டு அரைமணி நேரம் தன்னை மறந்திருக்க முடிந்தது. ஸ்டாவ்ரோஸ் தேறினான். ஆனால் மறுபடி ஆடவில்லை. யன்னிஸ் குடும்பம் வேறு டொக்டரிடம் போய்விட்டது.

மூன்று வருடம் கழித்து, புதிதாக வந்த கதிர்காமநாதன் என்பவருடைய வீட்டு விருந்தில் தமிழர்கள் சிலர் கூடியிருந்தார்கள். கதிர்காமநாதன் எல்லோருக்கும் முன்னால் பெருமையாகச் சொன்னார்: “எங்கடை டொக்டர் ஒருகாலத்திலை இவங்கடை ஃபுட்டி ரீமுக்கே டொக்டராய் இருந்தவராம். எங்கடை ஆக்களிலை ஆருக்கு அது கிடைச்சது? ஏன் டொக்டர் விட்டனீங்கள்?”

மகேந்திரராஜா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“தண்ணி கேட்ட பெடியனுக்குக் குடுக்காமல் ஓடவிட்டனான். அவன் சாகப் பார்த்தான். பிறகு அவனிலை பிழை எண்டு பொய்யும் சொன்னனான்.”

 கதிர்காமநாதன் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்துவிட்டு, “சரி, சாப்பாடு ஆறப்போகுது, வாங்கோ” என்று எல்லோரையும் மேசைக்குக் கூட்டிப்போனார். அன்று பிறகு யாரும் அவரோடு அதிகம் கதைக்கவில்லை.

காரில் திரும்பும்போது சத்தியபாமா கேட்டாள்: “அதை அங்கை சொல்லத்தான் வேணுமோ?”

“கேட்டவரெல்லோ, சத்தியா.”

 அவள் யன்னலை இறக்கிவிட்டு, “ஓம், கேட்டவர்தான்” என்றாள்.