நலம் விசாரிக்கக் கூடாதவர்

எங்கள் பெரியப்பாவிடம் மட்டும் யாரும் "சௌக்கியமா?" என்று கேட்கக் கூடாது. ஊரில் எல்லாரும் அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பெரியப்பா நாக்கில் தொடங்கி, வயிறு வழியாக இறங்கி, முழங்கால் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். பெரியப்பாவுக்குத் தென்னூரில் அலுவலக வேலை. எனக்குப் பத்து வயது. அவருக்கு அடுத்த வியாதி எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று கவனிப்பதுதான் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதற்கு அடையாளங்கள் உண்டு. பேச்சுக்கு நடுவில் வலது கை மெல்ல இடது மணிக்கட்டுக்குப் போய் நாடி பார்க்கும். பீரோக் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் என்னைக் கூப்பிட்டு என் நாக்கையும் நீட்டச் சொல்லி ஒப்பிடுவார். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பெரியம்மா முன்கூட்டியே கிழித்துப் போட்டுவிடுவார். பெரியப்பா அதைப் படித்தால், அதில் எழுதியிருக்கும் பக்கவிளைவுகள் அத்தனையும் சாயங்காலத்துக்குள் அவருக்கு வந்து சேர்ந்துவிடும்.

"ஊர்ல யாருக்கும் வராதது உங்களுக்கு மட்டும் வருதா?" என்று பெரியம்மா அலுத்துக்கொள்வார்.

"பெருமாளுக்கே நாவல்பழமும் தயிர்சாதமும் ஒத்துக்காம காய்ச்சல் வந்துச்சு. நான் எம்மாத்திரம்?" என்பார் பெரியப்பா.

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. தன்வந்திரி சன்னதியிலிருந்து பெருமாளுக்குக் கஷாயம் போனதும் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா சமையலறைக்குத் திரும்பிவிடுவார்.

அந்த வருஷம் அவருடைய அலுவலக நண்பர் மாரடைப்பு வந்து தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பெரியப்பா சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். வலி எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, வியர்த்ததா என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். திரும்பி வந்த பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கும் நெஞ்சு வலித்தது. மறுநாள் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் முகம் மலர்ந்து, எங்களுக்கெல்லாம் அல்வா வாங்கி வந்தார். அந்தச் சந்தோஷம் விடியும்வரைதான் தாங்கியது. காலையில் பல் தேய்க்கும்போதே, "படம் எடுத்தப்போ வலி இல்லையே. வலிக்கிறப்போ எடுத்தாத்தானே தெரியும்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவருடைய ஒரே மகளான அக்காவுக்குத்தான் பிழைப்பு நாறியது. பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள், பெண்ணின் அப்பா பெரிய நோயாளி போலிருக்கிறதே என்று விலகிப் போயிருந்தன. அடுத்து முசிறியிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை நானே பார்த்தேன். அவர்கள் வரும் அன்று காலையில் அப்பா, பெரியப்பாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "அண்ணே, என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா புள்ள மனசு விட்டுடும்." பெரியப்பா சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார். எவ்வளவு நேரம் தாங்குவார் என்று பார்க்கும் ஆசையில், அவருக்குப் பக்கத்திலேயே நான் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா முசிறியில் வாழைமண்டி வைத்திருப்பவர். நல்ல வாட்டசாட்டமான மனிதர். பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "உடம்பெல்லாம் எப்படி இருக்குங்க?" என்றார். சமையலறையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"நல்லா இருக்கேங்க" என்றார் பெரியப்பா. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். "எனக்குத்தான் கொஞ்ச நாளா இந்த இடது தோள்ல ஒரு வலி. மாடிப்படி ஏறினா வருது, நின்னா போயிடுது. வாழைத்தார் தூக்கின தோளாச்சே" என்று சொல்லிச் சிரித்தார்.

பெரியப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். அக்கா நின்றிருந்த கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேர்க்குதுங்களா? தாடை வரைக்கும் வருதா?" என்று கேட்டார். அப்பா இருமிக் காட்டினார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. "இது தோள் வலி மாதிரி தெரியலைங்க. நெஞ்சு சமாச்சாரம். ஊருக்குப் போகாதீங்க. இப்படியே தில்லை நகர் போயி டாக்டரைப் பாத்துடுங்க" என்றார்.

நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இப்படியொரு பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. அக்கா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பெரியம்மா பெரியப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

சில நாள் கழித்து மாப்பிள்ளையே வந்து நின்றார். கோபத்தோடு ஊர் திரும்பிய அவர் அப்பாவுக்குப் பெரியப்பா கேட்ட கேள்விகள் மனதைவிட்டுப் போகவில்லையாம். திருச்சிக்கு வந்து டாக்டரைப் பார்த்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளையே பார்த்திருக்க முடியாது என்று சொல்லி, டாக்டர் அங்கேயே படுக்க வைத்துவிட்டார்.

"உடம்பு தேறினதும் தேதி வச்சுக்கலாம்னு அப்பா சொல்லச் சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. அக்கா உள்ளே ஓடிப்போய் அழுதாள்.

அன்று வீடு கொள்ளாத சிரிப்பு. அண்ணன் இத்தனை காலமாகத் தேடிய வியாதி கடைசியில் சம்பந்தியிடம் இருந்திருக்கிறது என்று அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். பெரியப்பா மட்டும் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் தனியாகச் சாய்ந்திருந்தார். நான் போய் என் மனதைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"எப்படிப் பெரியப்பா கண்டுபிடிச்சீங்க?"

"அவர் சொன்ன வலியே வேற. கேட்டதுமே தெரிஞ்சுது."

"அப்போ உங்களுக்கு வர்றது அந்த வலி இல்லையா?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் பயப்படுறீங்க?"

அவர் என்னை அருகில் இழுத்தார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கவனித்தேன். "சரியாத்தான் அடிக்குது பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு விளையாட ஓடினேன். கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்பதற்காகத்தான் அவர் அதை வைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது தெரியாது.