ஒன்று புள்ளி எட்டு

உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீடு அனுஷாவுடையது. இருபத்தாறு வயதுக்குள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். இரண்டும் ஆறாம் மாதத்தில், பெரிதாக வலி கூட இல்லாமல், நழுவினாற்போல் வந்துவிட்டவை. மூத்தது வந்த நாளில் அவள் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தாள்.

"வவுத்துல புள்ளய வெச்சிக்கினு கட்டு தூக்குனா எப்டி நிக்கும்?" என்றாள் மாமியார் சரசு.

இரண்டாவது முறை அனுஷா ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. அதுவும் தங்கவில்லை. பழி மட்டும் தங்கிவிட்டது. அவளே அதை நம்பினாள்.

மூன்றாவது முறை, ஐந்தாம் மாதத்தில், காஞ்சிபுரம் போய் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் "குழந்தை நல்லா இருக்கு" என்று சொல்லிக் காகிதத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார். கணவன் சிவகுமார் அதைக் கூரை இடுக்கில் பத்திரமாகச் செருகினான். சவுக்கு வெட்டப் போகும் இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஐந்தாம் நாள் கிராம நர்ஸ் ஷீபா வந்தாள். காகிதத்தைப் பிரித்துப் படித்தவளின் விரல் கடைசிப் பக்கத்து வரி ஒன்றில் நின்றுவிட்டது.

"இது இன்னான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"கொயந்த நல்லா கீதுன்னாங்கோக்கா."

"கொழந்த நல்லாதான் இருக்கு. இது உன் கர்ப்பப்பை வாயோட நீளம். ரெண்டரை சென்டிமீட்டருக்குக் கொறையக்கூடாது. உனக்கு ஒண்ணு புள்ளி எட்டு. முன்னாடி ரெண்டு போயிருக்குல்ல, அதோட சேத்துப் பாத்தா இதுவும் சீக்கிரமே வந்துட சான்ஸ் ஜாஸ்தி."

"அப்போ பொறந்துடுமா?"

"கண்டிப்பா பொறந்துடும்னு இல்ல. பொறக்காதுன்னும் சொல்ல முடியாது."

உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இது என்ன சோதனை? அனுஷாவுக்கு விளங்கவில்லை. வேறொன்றுதான் அவளை அரித்தது.

"கட்டு தூக்குனதாலதான் சின்னதா பூட்ச்சாக்கா?"

"இல்லடி. சில பேருக்கு ஒடம்பே இப்டித்தான். நீ ஒண்ணும் பண்ணல."

வாசலில் நின்றிருந்த சரசு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். ஐந்து வருடப் பாரம் இறங்கியிருக்க வேண்டிய நேரம். இறங்கவில்லை. தான் செய்யாத ஒன்றைத் தன்னால் நிறுத்தவும் முடியாது என்பது அப்போதுதான் அனுஷாவுக்கு உறைத்தது.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள்.

"இனிமே நிக்குமா மேடம்?"

"நிக்கிறதுக்கு வாய்ப்பு கூடும்மா. அவ்ளோதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடம் போகாத அனுஷா ஸ்கேன் காகிதத்தில் அந்த நீளம் எழுதிய வரியை மட்டும் அடையாளம் பார்க்கப் பழகிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு கோடுகளும் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தன. ஒன்று புள்ளி ஒன்று. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் மாதம் தொடங்கி ஒரு வாரம். பட்டப்பகலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தையலைப் பிரித்தார்கள். பெண் குழந்தை, அறுநூற்றுப் பத்து கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் மூச்சுக்குப் போராடியது. மூன்றாம் நாள் காலை போய்விட்டது.

பதிவு எழுதும் இடத்தில் பெயர் கேட்டார்கள். சிவகுமார் மனைவியைப் பார்த்தான்.

"ஏயாம் மாசம் தாண்டட்டும்னு இருந்தோம் சார்" என்றாள் அவள். 'அனுஷாவின் பெண் குழந்தை' என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. சரசு உத்திரமேரூர் கடைத்தெருவுக்கு நடந்துபோய் மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். மருமகளின் மார்பில் பூவைப் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினாள். மூன்று நாள் புதுப்பூ மாற்றிக் கட்டியும் பால் வற்றவில்லை.