பிரான்சுக்குக் கை தூக்கிய எங்கள் பிளாக்

சால்ட் லேக்கில், வங்காளிகள் நிறைந்த எங்கள் அரசுக் குடியிருப்பில் எதையும் நேராக முடிவு செய்ய மாட்டார்கள். தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்காகக் கூடினாலும் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மோட்டாருக்கு வருவார்கள். கணவரின் துறைமுக வேலையோடு இங்கே வந்த புதிதில் எனக்கு அலுப்பாக இருந்தது. இப்போது முதல் நாற்காலி என்னுடையது. பள்ளியோடு படிப்பு நின்றவள் நான். மிச்சத்தை இவர்கள் பேச்சில்தான் கற்றேன்.

பிரான்சில் ஓய்வு வயதை ஏற்றிய வருஷம் அது. துர்கா பூஜைக்கு முன்னால் கமிட்டி கூடியது ஒரே விஷயத்துக்கு. அஷ்டமியன்று அம்மனுக்குப் படைத்த கிச்சுரி என்ற அரிசி-பருப்புக் கிச்சடியை, பந்தலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்திவிடலாம் என்றார், அண்ணன் முறையில் எல்லோரும் தாதா என்று அழைக்கும் கமிட்டி பிரெசிடெண்ட். பையன்களெல்லாம் பெங்களூருக்கும் புனேவுக்கும் போய்விட்டார்கள்; மாடி ஏற ஆளில்லை.

பெரியம்மா முறையில் பிளாக்கே மாஷிமா என்று அழைக்கும் நான்காம் மாடி மூதாட்டி எனக்கு நினைவுக்கு வந்தார். இடுப்பு முறிந்ததிலிருந்து கீழே இறங்காதவர். எங்களுக்கு லிஃப்ட் கிடையாது. முந்தின நாள்தான் சொன்னார்: "சாப்பாட்டுக்காகவாம்மா? பொண்ணு போன்லயே ஆர்டர் போட்டு அனுப்பிடுவா. நானும் இந்த பிளாக்லதான் இருக்கேன்னு யாராவது படியேறி வந்து காட்டணும்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் தாதாவின் பேச்சு பிரான்சுக்குப் போய்விட்டது. "ஊரே தெருவுக்கு வந்துச்சு, அவங்க பிரெசிடெண்ட் அசைஞ்சாரா? உழைக்கிறவன் குறைஞ்சு, உட்கார்ந்து பென்ஷன் வாங்குறவன் கூடினா தலைவன் கசப்பு மருந்து கொடுத்துத்தான் ஆகணும்."

"கொடுக்கட்டும். நோயாளியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றார், ஜாதவ்பூரில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர். "வயசான காலத்துல கைவிட மாட்டோம்னு அரசாங்கம் கொடுத்த வாக்கு தாதா அது."

"வாக்கு யார் வேணா கொடுக்கலாம். கஜானா?"

"பணக்காரன்கிட்ட வரி கேட்கச் சொல்லுங்க!"

டீ வந்தது, போனது, மறுபடி வந்தது. கடைசியில் பேராசிரியர் பிரான்சுக்காகத் தீர்மானமே கொண்டுவந்தார்: வயதானவர்களுக்குச் செய்துவந்ததை, ஆளில்லை என்று சொல்லி நிறுத்த எந்தத் தலைவருக்கும் உரிமை இல்லை, வேறு வழி தேடுவதுதான் அவர் வேலை. தாதாவைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். பிரான்சைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். கிச்சுரியை ஒருவரும் நினைக்கவில்லை.

"எல்லாரும் உட்காருங்க," என்றேன். "இப்ப தூக்கின கை பாரிஸுக்கு மட்டுமா, நம்ம நாலாவது மாடிக்கும் சேர்த்தா?"

மடக்கிய நாற்காலிகளை மறுபடி விரித்தார்கள். பிறகு பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். "பௌதி நம்ம கயித்தாலயே நம்மளைக் கட்டிட்டாங்கப்பா!" இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், பிளாக்குக்கே நான் பௌதி.

"அப்ப யார் ஏறுறது?" என்றார் தாதா.

"வழி தேடுறது தலைவர் வேலைன்னு இப்பத்தானே ஓட்டு விழுந்துச்சு?"

"நான் எதிர்த்தவன்!"

"தோத்தவங்களும் தீர்மானத்துக்குக் கட்டுப்படணும் தாதா."

முணுமுணுத்தபடியே தாதா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கோபக்காரர், ஆனால் ஓட்டை மதிப்பவர்.

அஷ்டமி மத்தியானம் தாதா தூக்குச்சட்டியோடு முன்னே போனார். நான் அப்பளத்தோடு பின்னே. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். மாஷிமா வாக்கரைப் பிடித்தபடி கதவைத் திறந்தார்.

"பிரெசிடெண்ட்டே வந்தாச்சா? கீழ ஆளே இல்லையா?"

தாதா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கு மாஷிமா. நான்தான் அந்த ஆள்."

"அப்ப உட்காரு. பிரான்ஸ்ல என்னதான் நடக்குது, சொல்லு."

கிச்சுரி ஆறும்வரை அவர் சொன்னார். மாஷிமா ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.