சந்தைக்கு மறுநாள்

பாலக்காட்டுக் கடைவீதியில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. வெள்ளைக்காரன் காலம். அந்த வீதியில் வெளியாளை வேலைக்கு வைக்கும் வழக்கமே கிடையாது. எந்தக் கடையிலும் முதலாளியின் சொந்தக்காரர்கள்தான். எங்கள் கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர் என் மாமன், அம்மாவின் தம்பி. சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். அத்தையும் கைக்குழந்தையாயிருந்த மகளும் முதலமடையில் இருந்தார்கள். வருஷத்தில் கடை அடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்பதால், அவர் ஊருக்குப் போவதும் அவ்வளவே. போனமுறை குழந்தை அவரைக் கண்டு வீறிட்டு அழுததாம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள், மாமன் சிரிக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் கடையை அடைக்கச் சொல்ல எல்லாக் கடையாட்களுக்கும் ஆசைதான். ஆனால் பெரியப்பனிடமும் மச்சானிடமும் எந்த வாயால் கேட்பது? முதலாளிகள் வீட்டுக் கிணற்றடியில் குளிப்பார்கள், கடையாட்களுக்குக் குளம். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடிதான் மாமன் சங்கம் கட்டினார். அவருடைய யோசனை இதுதான்: யாரும் தன் முதலாளியிடம் கேட்க வேண்டாம், அடுத்த கடை முதலாளியிடம் கேட்கலாம்.

ஒரு மத்தியானம் அப்பா இலையில் உட்காரும் நேரத்துக்குப் பாத்திரக்கடை ஆட்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க, சந்தைக்கு மறுநாளு நீங்க கடை அடைச்சா எங்க மொதலாளியும் அடைப்பாருங்க. எங்களுக்கும் ஊடு போயி வர ஒரு நாளு கெடைக்குமுங்க."

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தன்னிடம் வேலை பார்க்காதவனை வேலையைவிட்டு எப்படி நிறுத்துவது? போதாக்குறைக்கு அம்மா அவர்களுக்கு மோர் வேறு கொடுத்துவிட்டாள். அவர்கள் போனதும், "உந்தம்பி எங்க?" என்றார்.

"பாத்திரக்கடைக்காரரு ஊட்டுக்குப் போயிருக்கானுங்க. இதையே கேக்கத்தான்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா, நம்ம ஊடுதானே, உனக்கெதுக்கு லீவும்பீங்க."

அப்பா சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்தார். பிறகு முதலாளிகள் கூடினார்கள். அடுத்தவர் அடைத்தால் எனக்கும் சம்மதம் என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டியதில், எல்லோருமே சம்மதித்ததாகிவிட்டது.

அடுத்த சந்தைக்கு மறுநாள் வீதியில் ஒரு கடையும் திறக்கவில்லை. மாமன் பொரியுருண்டைப் பொட்டலத்தோடு காலை ரயிலுக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று தரையில் புரண்டேன், கூட்டிப்போகவில்லை. மாமனுக்கு என்மேல் பிரியம் விட்டுப்போனதென்று அன்று முழுக்க அழுதேன். அத்தனை நாளும் அவர் என்னைத் தோளில் சுமந்ததும், உருட்டி உருட்டிச் சோறு ஊட்டியதும், முதலமடையில் ஒருத்திக்குச் சேர வேண்டியதை என்னிடம் கொடுத்துவைத்ததுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.