பன்னிரண்டு வயதுப் படம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பன்னெண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்த புண்ணியம் அவள் சின்ன வயதில் வேலை பார்த்த வயலின் மேஸ்திரியைச் சேரும். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைகளை வயல் வேலைக்கு வைக்கக் கூடாதென்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. மேஸ்திரி சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். அதனால் உருளைக்கிழங்கு பொறுக்க வரும் பிள்ளைகளுக்குக் கூடையைக் கொடுக்கும் முன்பே வயதைக் கொடுத்துவிடுவார். "யாரு கேட்டாலும் பன்னெண்டுன்னு சொல்லணும், என்ன?" விரல் சூப்பிக்கொண்டிருந்த வாண்டுகூட விரலை எடுத்து, "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாயில் வைத்துக்கொள்ளும்.

ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. தன் உயரத்துக்கு இருந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றாள். பேர் என்ன, வயசு என்ன என்று அவர் கேட்டார். மேஸ்திரி பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். பாடம் பிசகவில்லை. மறுவாரம் படம் வந்தது, கீழே பேரும் வயதும் கொட்டை எழுத்தில். உலகத்தில் அவள் பேர் அச்சில் ஏறிய ஒரே காகிதம் அதுதான் என்பதால், அம்மா அதை வெட்டி எடுத்துத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள்.

அன்றிலிருந்து அந்தத் துண்டுக் காகிதம் அவளை ஆட்டிப்படைத்தது. பள்ளியில் சேர்க்கப் போனால், தலைமையாசிரியர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் படத்தையே நம்பினார். "பன்னெண்டு வயசுப் பொண்ண ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சா மத்த பிள்ளைங்க சிரிக்குமேம்மா." மற்ற பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பதற்காக அவள் வயலுக்கே திரும்பிப் போனாள். நிஜமாகவே பன்னிரண்டு வந்தபோது, காகிதக் கணக்கில் பதினெட்டு ஆகிவிட்டதென்று கல்யாணம் செய்துவைத்தார்கள். பெரியவர்களுக்கு வசதிப்பட்டபோதெல்லாம் படம் உண்மையே பேசியது.

ஒரே ஒரு முறை அந்தப் பொய் அவளுக்கும் சோறு போட்டது. பதினாறு வயதில், இருபத்திரண்டு என்று சொல்லி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆதாரம் கேட்டார்கள், படத்தை நீட்டினாள். அன்று தொட்டு ரத்தமும் மருந்தும் ஊறிய விரிப்புகளை வெந்நீர்த் தொட்டியில் புரட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு. ஆபீஸுக்கு அறுபது. மாசக் கடைசியோடு வேலை முடிந்தது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் கணவன் இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"ஐயா, அந்த வயசு மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததுங்க."

"நீங்க கொடுத்த ஆதாரம்தானேம்மா?"

"படத்த நல்லாப் பாருங்கய்யா. அது பன்னெண்டு வயசு உடம்பா?"

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சத்து பத்தாம வளராம போயிருப்பீங்க" என்றார், மிகுந்த இரக்கத்தோடு.

அந்தச் சமயத்தில்தான், வயலில் வேலை செய்த பிள்ளைகளின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து ஒரு அம்மாள் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாசல் தட்டியில் தன் முகத்தைப் பார்த்த பன்னெண்டக்கா நேராக உள்ளே போனாள். "இது நான்தாம்மா. வயசு மட்டும் தப்பு. எனக்கு அப்ப ஆறுதான்."

"ஆறா? அது இன்னும் நல்லா இருக்கே" என்ற அந்த அம்மாள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாளே படத்தின் கீழ் "ஆறு வயதுச் சிறுமி" என்று மாறிவிட்டது. யாரும் ஒரு ஆதாரமும் கேட்கவில்லை. இதையே ஆபீஸுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று இவள் கேட்டபோது மட்டும், "அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏதும்மா அதிகாரம்?" என்று கையை விரித்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேனேஜரும் மனைவியோடு வந்தார். அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு வயசுக் குழந்தை. எப்படித்தான் மனசு வந்துச்சோ பாவிங்களுக்கு" என்று கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

"வருஷம் கீழ போட்டிருக்குங்க. அந்தக் குழந்தைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

மேனேஜர் கணக்கில் புலி. கேட்டது யாரென்று திரும்பிப் பார்க்கும் முன்பே, "அம்பத்தி நாலு" என்று சொல்லிவிட்டார்.

"அப்போ ஒண்ணாந்தேதி நான் வேலைக்கு வரலாமுங்களா?" என்றாள் பன்னெண்டக்கா.

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். மேனேஜர் கைக்குட்டையை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆபீஸ் விஷயத்த இங்க பேசக் கூடாதும்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அதில் ஒரு பொடியன் கலப்பைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். மேனேஜர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைக்குட்டையை மறுபடி வெளியே எடுத்தார்.